பீர் ஆலைக்குள் மூன்று பார்வையாளர்கள்

கால்காவிலிருந்து சிம்லா செல்லும் மலை ரயிலில் சோலன் நகரைக் கடந்ததும் ஒரு சிறிய நிலையம் வருகிறது. 'சோலன் ப்ரூவரி' என்பது அதன் பெயர். நகரத்துக்கென ஒரு நிலையம் இருக்க, அதற்கு அடுத்ததாக ஆலையின் பெயரிலேயே இன்னொரு நிலையம். 1903இல் திறக்கப்பட்டு இன்று உலகப் பாரம்பரியச் சின்னமாக விளங்கும் அந்த இருப்புப்பாதையில் சென்ற மாதம் பயணம் செய்த முதுகலை மாணவர்கள் சிலர், பலகையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தனர். ஏதேனும் ஒரு பீர் ஆலையைச் சுற்றிப் பார்க்க அனுமதி கிடைத்தால் வரலாற்று மாணவர்களாகிய தாங்கள் அங்கே எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தனர். குடிப்பழக்கம் இல்லாதவர்கள் போவதில் பயன் உண்டா என்பது ஒரு மாணவியின் துணைக்கேள்வி.

இரண்டாவது கேள்விக்கு விடை எளிது. பயன் உண்டு, சொல்லப்போனால், சுற்றின் இறுதியில் கிண்ணத்தை நீட்டும் இடத்தை மட்டுமே எதிர்நோக்கி நடக்காதவர்களுக்குத்தான் கூடுதல் பயன். முதற்கேள்விக்கு விடை காண, நமக்கு முன்பு அத்தகைய ஆலைகளுக்குள் நுழைந்த மூவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் அரசர், ஒருவர் படைத்தளபதி, ஒருவர் விஞ்ஞானி. மூவரும் சென்றது இலண்டன் ஆலைகளுக்கு.

அதற்கு முன் ஒரு சொல் விளக்கம். தமிழில் ப்ரூவரியை 'வடிசாலை' என்று எழுதும் வழக்கம் பரவியிருக்கிறது. வடித்தெடுக்கப்படுபவை விஸ்கி, ரம் போன்றவையே, பீர் வடிக்கப்படுவதில்லை. வாற்கோதுமையை ஊறவைத்து, முளைவிடச் செய்து, உலர்த்தினால் மால்ட் கிடைக்கிறது. அதை அரைத்து வெந்நீரில் கலந்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. அந்த இனிப்புச் சாற்றைப் பிரித்து, ஹாப்ஸ் பூக்களைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் இடுகிறார்கள். மற்றது நொதித்தலின் வேலை. ஆகவே இப்பதிவில் பீர் ஆலை என்றே எழுதுகிறேன்.

1787ஆம் ஆண்டு, மூன்றாம் ஜார்ஜ் மன்னர் தம் அரசியுடனும் இளவரசிகளுடனும் இலண்டன் சிஸ்வெல் தெருவிலிருந்த சாமுவேல் விட்பிரெட்டின் ஆலையைப் பார்வையிட்டார். நாட்டின் அரசர் ஒரு வணிகரின் தொழிற்கூடத்துக்கு வந்து மணிக்கணக்கில் சுற்றிப் பார்ப்பது அன்று பெருஞ்செய்தி. மன்னர் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேள்விகளை அடுக்கினார் என்று 'பீட்டர் பிண்டார்' என்னும் புனைபெயரில் எழுதிய ஜான் வோல்காட் ஓர் அங்கதக் கவிதையே புனைந்தார். நகைப்புக்குரியதாக அவருக்குத் தோன்றிய அந்தக் கேள்விப் பழக்கம் ஒரு பார்வையாளருக்கு மிக நல்ல பழக்கம் என்பதே என் கருத்து.

மன்னர் அங்கே கண்டவற்றுள் தலையாயது, போல்ட்டன்–வாட் நிறுவனத்தின் நீராவி எந்திரம். 1785இல் நிறுவப்பட்டது. அதுவரை மால்ட் அரைக்கும் சக்கரத்தைச் சுற்றியவை குதிரைகள். நீராவி எந்திரத்தின் மேலும் கீழுமான அசைவைச் சுழற்சியாக மாற்றுவதற்கு வளைதண்டு போதும். ஆனால் அதன் காப்புரிமை வேறொருவரிடம் இருந்தது. எனவே சூரியனைக் கோள் சுற்றுவதுபோல ஒரு பற்சக்கரம் இன்னொன்றைச் சுற்றிவரும் அமைப்பை வாட்டின் நிறுவனம் பயன்படுத்தியது. அந்த எந்திரம் 1887 வரை, நூற்றிரண்டு ஆண்டுகள், ஆலையில் உழைத்தது. இன்று சிட்னியின் பவர்ஹவுஸ் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது. தொழிற்புரட்சி என்றவுடன் நம் பாடநூல்கள் பருத்தி ஆலையைத்தான் காட்டும். ஆனால் நீராவியின் சுழல்விசையைத் தொடக்கத்திலேயே விலைகொடுத்து வாங்கியவர்களுள் இலண்டன் பீர் ஆலை முதலாளிகளும் உண்டு. பீட்டர் மத்தயாஸ் 1959இல் வெளியிட்ட ஆங்கிலேய பீர்த் தொழில் வரலாற்றைப் படித்தால் இந்த முதலாளிகளின் கணக்கேடுகள் எவ்வளவு பெரிய உலகத்தைத் திறந்துகாட்டுகின்றன என்பது விளங்கும்.

மன்னருக்குப் பல ஆண்டுகள் முன்னர், 1770 வாக்கில், அதே விட்பிரெட்டைக் காண வேறொருவர் வந்திருந்தார். ஆல்டன் என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஜேம்ஸ் பேவர்ஸ்டாக். தந்தையாரின் ஆலையில் அவருக்குத் தெரியாமல் வெப்பமானியை மறைத்துவைத்துப் பயன்படுத்திய இளைஞர். இனிப்புச் சாற்றில் எவ்வளவு சர்க்கரை கரைந்துள்ளது என்பதை அளக்கும் அடர்த்திமானி ஒன்றை விட்பிரெட்டிடம் காட்டினார். இத்தகைய கற்பனைகளை விட்டுவிட்டுத் தொழிலைக் கவனிக்குமாறு அறிவுரை கூறி அனுப்பிவிட்டார் விட்பிரெட். நீராவி எந்திரத்துக்குப் பின்னாளில் பெரும்பணம் செலவிட்டவர், ஒரு சிறு மிதவைக் கருவியை நம்பவில்லை! எந்திரத்தின் பயனைக் குதிரைத் தீவனக் கணக்கில் உடனே காணலாம். அடர்த்திமானியோ, கைப்பக்குவமும் நாக்கும் மூக்கும் அறிந்ததை எண்ணாக மாற்றிக்கொடு என்று கேட்கிறது. ஜான் ரிச்சர்ட்சன் 1784இல் அந்த அளவீட்டு முறையை நூலாக்கிய பிறகுதான் அது தொழிலில் வேர்பிடித்தது. நூறாண்டுக்குள் அரசே அதைக் கையிலெடுத்தது. 1880இல் கிளாட்ஸ்டன் மால்ட்டின் மீதிருந்த வரியை நீக்கிவிட்டு, நொதிப்பதற்கு முந்தைய சாற்றின் அடர்த்தியைக் கணக்கிட்டு வரி விதித்தார்.

ஆகவே மாணவர்களுக்கு முதல் குறிப்பு: பளபளக்கும் செப்புக் கொப்பரையைப் படம் எடுங்கள், தவறில்லை, ஆனால் அதன் ஓரத்தில் இருக்கும் அளவுகோலையும் மானியையும் முத்திரைப் பூட்டையும் பாருங்கள். எந்த அளவீட்டை ஆலை தனக்காகச் செய்கிறது, எதை அரசின் கலால் துறைக்காகச் செய்கிறது என்று கேளுங்கள். அளவீட்டின் வரலாற்றில் ஈடுபாடுள்ளவர்களுக்கு இன்னொரு செய்தி. வெப்பத்துக்கும் வேலைக்கும் உள்ள சமன்பாட்டை நிறுவிய ஜேம்ஸ் ஜூல், சால்ஃபோர்டு பீர் ஆலைக் குடும்பத்தில் பிறந்தவர். ஒரு டிகிரியின் மிகச் சிறு பின்னத்தைத் தம்மால் படிக்க முடியும் என்று அவர் சொன்னபோது பலர் ஐயுற்றனர். ஆட்டோ சிபும் என்னும் அறிவியல் வரலாற்றாளர் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்து, ஜூலின் கைத்திறன் ஆலைச் சூழலில் வளர்ந்தது என்று 1995இல் வாதிட்டார்.

இரண்டாம் பார்வையாளரின் கதை வேறு வகையானது. தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், சதக்கில், பார்க்லே பெர்கின்ஸ் ஆலை இருந்தது. முன்பு அது ஹென்றி திரேல் என்பவருடையது. அவர் இறந்தபின் 1781இல் 1,35,000 பவுண்டுக்கு அது விற்கப்பட்டபோது, உயிலை நிறைவேற்றுவோருள் ஒருவராக நின்று விற்பனையைக் கவனித்தவர் அகராதி ஆசிரியர் சாமுவேல் ஜான்சன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டனுக்கு வரும் வெளிநாட்டுப் பெருமக்கள் தவறாமல் காணும் இடங்களுள் ஒன்றாக அவ்வாலை மாறியிருந்தது. வருவோர் வாயிலில் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும்.

1850 செப்டம்பர் 4 அன்று, நீண்ட மீசையுடைய முதியவர் ஒருவர் துணையாட்களுடன் வந்து கையொப்பமிட்டார். ஆஸ்திரியத் தளபதி யூலியஸ் யாக்கோப் ஃபான் ஹைனாவ். 1849இல் இத்தாலியின் பிரெஷியா நகரக் கிளர்ச்சியை நசுக்கியவர். ஹங்கேரியப் புரட்சி ஒடுக்கப்பட்டபின் ஆராத் நகரில் பதின்மூன்று படைத்தலைவர்கள் கொல்லப்பட்டது அவருடைய ஆட்சியில்தான். பெண்களைச் சவுக்கால் அடிக்கச் செய்தவர் என்று ஐரோப்பியச் செய்தித்தாள்கள் அவரைத் தூற்றின. ஏட்டில் இருந்த பெயர் சில நிமிடங்களில் ஆலை முழுவதும் பரவிவிட்டது. முற்றத்துக்கு அவர் வந்தபோது மேலிருந்து வைக்கோல் கட்டு தலையில் விழுந்தது. பீப்பாய் வண்டிக்காரர்களும் ஏனைய தொழிலாளரும் துடைப்பங்களோடும் சேற்றோடும் சூழ்ந்துகொண்டனர். தெருவில் கூட்டம் சேர்ந்தது. தளபதி ஓடி, ஆற்றங்கரையிலிருந்த 'ஜார்ஜ்' என்னும் மதுக்கடைக்குள் ஒளிந்தார். காவலர்கள் படகில் ஏற்றி அவரை மீட்டுச் சென்றனர். ஆஸ்திரியா கண்டனம் தெரிவிக்க, வெளியுறவு அமைச்சர் பாமர்ஸ்டனின் மனம் தொழிலாளர் பக்கம் சாய்ந்திருக்க, விக்டோரியா அரசி சினங்கொள்ள, அது ஓர் அரசுறவுச் சிக்கலாகவே வளர்ந்தது. 1864இல் இலண்டன் வந்த கரிபால்டி அந்த ஆலைக்கு நேரில் சென்று தொழிலாளருக்கு நன்றி கூறினார்.

இந்நிகழ்ச்சியை வேடிக்கைக் கதையாகச் சொல்லிவிட்டுக் கடப்பது வழக்கம். என் கவனம் நிற்பது வேறிடத்தில். பார்வையாளர் ஆலையைப் பார்க்கிறார் என்று நாம் நினைக்கிறோம். அந்த நாளில் ஆலை பார்வையாளரைப் பார்த்தது. மூட்டை சுமப்போரும் குதிரை ஓட்டுவோரும் பிரெஷியாவையும் ஆராத்தையும் அறிந்திருந்தனர். செய்தித்தாள் அவர்களிடம் எவ்வாறு சென்றது, யார் படித்துக்காட்டினர், வேலை நேரத்தில் எங்கே கூடிப் பேசினர் என்பவையெல்லாம் ஆய்வுக்குரிய வினாக்கள். இன்றைய ஆலைச் சுற்றுகளில் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் வேலை செய்வோர் ஏறக்குறைய ஓசையற்ற படக்காட்சி போலத் தெரிகின்றனர். வழிகாட்டியின் உரையில் கொப்பரையின் கொள்ளளவு வரும், முறைவேலையின் நீளம் வராது. நான் சென்ற ஓர் ஆலையில், கொப்பரையைக் கழுவும் வேலை யாருடையது என்று கேட்டேன். ஒப்பந்தத் தொழிலாளர் என்று ஒற்றைச் சொல்லில் விடை வந்தது; சுற்று அடுத்த அறைக்கு நகர்ந்துவிட்டது. நொதிகலனுக்குள் கரியமிலவாயு தேங்கும். உள்ளே இறங்குவது உயிராபத்து. அந்த அறையில் நின்று கேட்கவேண்டிய கேள்வி அதுவே.

கொள்ளளவைப் பெருமையாகச் சொல்லும் இடத்தில் 1814 அக்டோபர் 17ஐயும் நினைவுகொள்ளலாம். டாட்டன்ஹாம் கோர்ட் சாலையருகே மியூ நிறுவனத்தின் ஆலையில் இருபத்திரண்டு அடி உயரப் பெருந்தொட்டி உடைந்து, பீர் வெள்ளம் பின்புறச் சேரிக்குள் பாய்ந்தது. எட்டுப் பேர் இறந்தனர்; பெண்களும் குழந்தைகளும். தற்செயலான விபத்து என்று விசாரணையில் முடிவாயிற்று. இழந்த பீருக்குச் செலுத்தப்பட்டிருந்த வரியை நாடாளுமன்றம் நிறுவனத்துக்குத் திருப்பிக் கொடுத்தது.

மூன்றாமவர் லூயி பாஸ்டர். பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்ற 1871இல், ஜெர்மானிய பீருக்கு இணையாகத் தம் நாட்டு பீரை உயர்த்திக் காட்டவேண்டும் என்ற தேசிய வேகத்தோடு இலண்டன் வந்து, மன்னர் பார்த்த அதே விட்பிரெட் ஆலைக்குள் நுழைந்தார். கொப்பரையையோ எந்திரத்தையோ அவர் கேட்கவில்லை. போர்ட்டர் பீரின் ஈஸ்ட் சிறிதளவு வேண்டும் என்றார். அதை நுண்ணோக்கியில் வைத்தபோது ஈஸ்ட்டுக்கிடையே நோய்க்கிருமிகளின் இழைகள் தெரிந்தன. இந்த பீர் சரியாக வராதே என்று அவர் சொல்ல, அன்றுதான் வேறொரு ஆலையிடம் புதிய ஈஸ்ட் கேட்டு அனுப்பியிருப்பதாக மேலாளர்கள் ஒப்புக்கொண்டனர். ஒரு வாரத்துக்குள் அவர் மீண்டும் சென்றபோது ஆலை ஒரு நுண்ணோக்கி வாங்கியிருந்தது. இச்செய்தியை 1876இல் வெளியான தம் பீர் ஆய்வு நூலில் பாஸ்டரே பதிவு செய்திருக்கிறார்.

ஒரே ஆலையின் நூறாண்டு: பேவர்ஸ்டாக் அடர்த்திமானியோடு வந்து வெறுங்கையோடு திரும்புகிறார், பாஸ்டர் நுண்ணோக்கியோடு வந்து ஒரு வாரத்தில் வென்றுவிடுகிறார். பாஸ்டரின் புகழ் ஒரு காரணம். கெட்டுப்போகும் ஒவ்வொரு தொட்டியும் இப்போது பெருநட்டம் என்பது இன்னொரு காரணம். இதற்குப் பின் ஆலையே ஆய்வகமாகிறது. கோபன்ஹேகனில் 1875இல் தொடங்கப்பட்ட கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் 1883இல் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தார். அமிலத்தன்மையை அளக்க நாம் பயன்படுத்தும் பி.எச். அளவுகோலை 1909இல் சோரன்சன் வகுத்ததும் அங்கேதான். டப்ளினின் கின்னஸ் ஆலையில் 1899இல் பணியில் சேர்ந்த வில்லியம் கோசெட், வாற்கோதுமை விளைச்சலின் சிறிய மாதிரிகளோடு மல்லாடி, 1908இல் 'ஸ்டூடன்ட்' என்னும் புனைபெயரில் எழுதிய கட்டுரையே இன்று நம் சமூக அறிவியல் மாணவர்கள் அனைவரும் கணிக்கும் டி-சோதனைக்குத் தாய்.

இனி இந்தியாவுக்கு வருவோம். இங்கே ஆலை வழிகாட்டிகளின் வாயில் தவறாமல் வரும் கதை ஒன்று உண்டு: இந்தியாவுக்கு அனுப்பும் பீர் கடலில் கெட்டுப்போயிற்று, அதைத் தடுக்க இலண்டன் போ ஆலையின் ஹாட்ஜ்சன் ஹாப்ஸைக் கூட்டிப் புதிய பீரைக் கண்டுபிடித்தார் என்பது. மார்ட்டின் கார்னெல் போன்ற வரலாற்றாளர்கள் இக்கதையின் ஆதாரங்களைச் சலித்துப் பார்த்து, கண்டுபிடிப்பு என்பதற்குச் சான்றில்லை எனக் காட்டியுள்ளனர். ஹாட்ஜ்சனின் ஆலை கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் நிற்கும் பிளாக்வாலுக்கு அருகில் இருந்தது. கப்பல் தலைவர்களுக்கு நீண்ட கடன் கொடுத்தார். கப்பல் தலைவர்கள் சொந்த வணிகமாக அதை ஏற்றிவந்தனர். சந்தையைப் பிடித்தவை இடமும் கடனும்தான். 1820களில் கம்பெனியின் இயக்குநர் மார்ஜோரிபாங்ஸ் தூண்டியதன் பேரில் பர்ட்டன் நகரத்து ஆல்சப் இப்போட்டியில் இறங்கினார். பர்ட்டன் கிணற்று நீரில் கரைந்திருந்த ஜிப்சம் அந்த வெளிர்நிற பீருக்கு இலண்டன் நீரைவிடப் பொருந்திவந்தது. இன்றும் உலகெங்கும் ஆலைகள் தம் நீரில் ஜிப்சம் சேர்த்துப் பர்ட்டன் நீரைப் போலச் செய்கின்றன. எனவே எந்த ஆலைக்குச் சென்றாலும் நீர் எங்கிருந்து வருகிறது, ஒரு லிட்டர் பீருக்கு எத்தனை லிட்டர் செலவாகிறது, கழிவுநீர் எங்கே செல்கிறது என்று கேட்கவேண்டும். நம் நாட்டில் இது சுவை பற்றிய கேள்வி மட்டுமன்று.

கப்பலில் வருவதை இங்கேயே செய்யலாம் என்ற எண்ணத்தில் மலைகளில் ஆலைகள் எழுந்தன. செயற்கைக் குளிரூட்டல் 1870களில் லிண்டேயின் எந்திரங்களோடுதான் பீர்த் தொழிலுக்கு வருகிறது. அதற்கு முன் இந்தியச் சமவெளியின் வெப்பத்தில் நொதித்தலைக் கட்டுப்படுத்துவது அரிது. மலையில் குளிரும் ஊற்றுநீரும் இருந்தன. அவற்றோடு வாங்குவோரும் இருந்தனர், அதாவது பாளையத்து வெள்ளைச் சிப்பாய்கள். நீலகிரியிலும் இவ்வாறே ஆலைகள் தோன்றின. அங்கிருந்த காசில் ஆலை உள்ளிட்ட தென்னிந்திய ஆலைகளை இணைத்துத்தான் 1915இல் தாமஸ் லீஷ்மன் யுனைடெட் ப்ரூவரீஸ் நிறுவனத்தை உருவாக்கினார்.

கசௌலியில் 1850களில் ஆலையைத் தொடங்கியவர் எட்வர்ட் டயர். அத்தொழில் பின்னர் சோலனுக்கு விரிந்தது. மாணவர்கள் படமெடுத்த பெயர்ப் பலகை அதன் வழிவந்தது. டயர்–மீக்கின் என்றாகிய நிறுவனத்தை 1949இல் நரேந்திர நாத் மோகன் வாங்கினார். இன்றைய பெயர் மோகன் மீக்கின். எட்வர்ட் டயர் முர்ரி மலை ஆலையையும் நிர்வகித்தார். 1864இல் முர்ரியில் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். ரெஜினால்ட் டயர். 1919 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரசின் ஜாலியன்வாலா பாக்கில் சுடுவதற்கு ஆணையிட்டவர். 1,650 குண்டுகள், அரசின் கணக்கிலேயே 379 உயிர்கள்.

கரிபால்டி சதக் தொழிலாளருக்கு நன்றி சொன்ன ஆண்டும் 1864 என்பது வெறும் தற்செயல். அதில் பொருள் தேடக்கூடாது. தந்தையின் ஆலையிலிருந்து மகனின் ஆணைக்கு நேர்கோடு வரைவதும் மோசமான வரலாற்று முறையே. ஆனால் மலைவாழிடம், பாளையம், பீர் ஆலை, ரயில்பாதை ஆகியவை ஒரே ஆட்சியமைப்பின் உறுப்புகள். அந்த ஆலை யாருடைய தாகத்துக்காக அங்கே நின்றதோ அவர்களைக் கொண்டுதான் நாடு ஆளப்பட்டது. டயர் என்னும் பெயரைச் சந்தைப்படுத்தும் பழமையின் அழகாக மட்டும் ஓர் ஆலைச் சுற்று முன்வைக்குமானால், மாணவர்கள் இதை அங்கேயே, பணிவாக, வாய்விட்டுக் கேட்கவேண்டும்.

நடைமுறைக் குறிப்புகள் சில. முன்கூட்டியே எழுதி, சாறு காய்ச்சும் நாளில் அனுமதி கேளுங்கள். விடுமுறை நாளில் சென்றால் குழாய்களை மட்டுமே காண்பீர்கள். மூடிய காலணி தேவை. தரை எப்போதும் ஈரம். நறுமணப் பூச்சு வேண்டாம், மால்ட் அறையின் மணம் உங்களுக்குப் பிடிபடாது. பழைய கட்டடமானால் அண்ணாந்து பாருங்கள்: மால்ட்டை மேல்தளத்துக்கு ஏற்றி, பிறகு ஒவ்வொரு படிநிலையையும் புவியீர்ப்பால் கீழிறக்கியதன் தடயங்கள் கூரையில்தான் இருக்கும். வழிகாட்டி ஓர் ஆண்டைச் சொன்னால் அது எந்த ஆவணத்தில் உள்ளது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பெடுப்பதைச் சுவைக்கும் அறைக்கு முன்பே முடித்துவிடுங்கள். பழைய கணக்கேடுகளும் கூலிப் பதிவேடுகளும் எங்கே வைக்கப்பட்டுள்ளன என்பதை விடைபெறும்போது மேலாளரிடம் கேளுங்கள். மறுமுறை தனியாகச் செல்ல அதுவே வழி.

வாயிலில் பதிவேடு நீட்டப்பட்டால் முழுப்பெயரையும் நாளையும் தெளிவாக எழுதுங்கள். முந்தைய பக்கங்களைப் புரட்டிப் பார்க்கலாமா என்றும் கேட்டுப் பாருங்கள்.